வியாழன் மாலையில் வெள்ளிக்கிழமை

"சார், இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி," என்றான் முஷ்தாக்.

அன்று வியாழன். கேட்டவர் டியூட்டி டாக்டர், இளம்பெண். அவர் கையிலிருந்த பேனா தாளை நோக்கி இறங்கியது.

"அவன் சொன்னது சரிதான் டாக்டர்," என்று நான் குறுக்கே விழுந்தேன். "மக்ரிப் பாங்கு சொல்லியாச்சு. பொழுது சாய்ஞ்சா அவங்க கணக்குல அடுத்த நாள் பொறந்துடும். வியாழக்கிழமை ராத்திரியத்தான் வெள்ளிக்கிழமை ராவுன்னு சொல்வாங்க."

பேனா நின்றது. டாக்டர் மறுபடி அவன் பக்கம் திரும்பினார்.

"தலைவலி எப்பலர்ந்து சார் இருக்கு?"

"நாளைக்குலர்ந்து."

"அதுவும் ஒரு விதத்துல சரிதான் டாக்டர்..."

"சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அவர் பேசட்டும்."

வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு அது. பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஒன்று எண்ணெய் இல்லாமல் கிறீச்சிட்டபடி போய் வந்தது. முஷ்தாக்கின் தங்கை பர்வீன் துப்பட்டா நுனியைக் கயிறாக முறுக்கிக்கொண்டு நின்றாள். நான் அவன் கையைப் பிடித்திருந்தேன். அந்தக் கை, மார்கழிக் குழாய்த் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது.

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் தேதிப் பைத்தியம் தெரியும். பாலாற்றில் தண்ணீர் வந்த நாள், ஆம்பூரில் மேம்பாலம் திறந்த நாள் என்று எதையும் விட்டதில்லை. இந்த வாரம் மட்டும் ஒரு தேதிகூடக் கிடையாது. பர்வீன் கேட்டுக்கொண்டாள். "அண்ணா, தேதி போட்டா யாராச்சும் கணக்கு போட்டுப் பார்த்துட்டு வந்து துக்கம் விசாரிப்பாங்க. பேஜாரு," என்றாள்.

டைம் பாய்

முஷ்தாக்கும் நானும் ஆம்பூரில் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. நான் படிப்பு முடிந்ததும் ஷூ கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் பிரிவில் சேர்ந்து, பெட்டிகளின் மேல் தேதி எழுதியே ஓய்வு பெற்றேன். அவன் இயற்பியல் படிக்கப் பெங்களூர் போனான், பிறகு கடல் தாண்டிப் போனான். கோட்பாட்டு இயற்பியலில் பெரிய ஆளாக வருவான் என்று அங்கே பேசிக்கொண்டார்களாம்.

நடந்தது வேறு. ஒரு நாள் பெட்டியோடு ஊர் திரும்பி, அவன் குடும்பத்தின் தோல் குடோனுக்கு மேலே இருந்த அறையில் குடியேறினான். சாயம் ஏற்றி முடித்த தோலின் வாசனை தரைப்பலகை இடுக்கு வழியாக மேலே வரும். அந்த வாசனையில்தான் மூளை ஓடுகிறது என்பான்.

அவன் செய்த குற்றம் இதுதான். வழக்கமான சமன்பாடுகளில் காலத்துக்கென்று ஓர் எழுத்து உண்டு. அவன் எழுதியவற்றில் அந்த எழுத்து இல்லை.

எனக்கு அதை விளக்க அவன் குடும்பத்தாரின் தோல் பதனிடும் பழைய டேனரிக்கு அழைத்துப் போனான். மர டிரம் ஒன்று உள்ளே தோலோடு சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்த டிரம்மு எவ்ளோ நேரம் சுத்தணும்னு எப்டிடா தெரியும்?"

"கடியாரத்தைப் பார்த்து."

"கடியாரத்து முள்ளு?"

"அது சூரியனை வெச்சு."

"அப்போ டிரம்மோட அசைவை முள்ளோட அசைவால அளக்குறே. முள்ளோட அசைவை சூரியனோட அசைவால அளக்குறே. நடுவுல காலம்னு ஒரு ஆளு எங்கடா நிக்கிறான்? காட்டு பாக்கலாம்."

என்னால் காட்ட முடியவில்லை. ஆராய்ச்சி இதழ்களாலும் முடியவில்லை போலும். ஆனால் அவன் கட்டுரைகளை அவை திருப்பி அனுப்பிவிட்டன. நல்ல கணித மூளை, தத்துவத்தில் விழுந்து கெட்டுப்போனது என்பது அவனுடைய பழைய சகாக்களின் தீர்ப்பு. "அவங்க என்னை விஞ்ஞானின்னு ஒத்துக்கல, எங்க வூட்ல வியாபாரின்னு ஒத்துக்கல. ரெண்டு பக்கமும் ஃப்ரீயா இருக்கேன்," என்று சிரிப்பான்.

தெருவில் அவன் பெயர் டைம் பாய். தேநீர்க் கடையில் அவன் தலை தெரிந்ததும் யாராவது ஆரம்பிப்பார்கள்: "டைம் பாய், மணி இன்னா?" அவன் முகம் மாறாமல் சொல்வான்: "உன் வாட்ச்சை பாரு. அது உனக்கும் உன் வாட்ச்சுக்கும் நடுவுல இருக்கிற விஷயம்."

என்னைத்தான் ஜாஸ்தி கிண்டல் செய்வான். "நீ செத்த பூச்சியைப் புடிச்சி ஊசி குத்தி வெக்கிறவன்டா சாமுவேல்."

"நீ பூச்சியே இல்லன்றவன்," என்பேன்.

பஸ்ஸும் வாணியம்பாடியும்

அவன் கொள்கையின் இன்னொரு பாதி அவனுடைய அம்மா இறந்த அன்று எனக்குப் புரிந்தது. வீடு முழுக்க அழுகை. அவன் மட்டும் அழவில்லை. ஜனாஸா தொழுகை முடிந்து, அடக்கம் செய்த கபரஸ்தானிலிருந்து திரும்பும்போது, தாங்கமாட்டாமல் நான் கேட்டுவிட்டேன்.

"வேலூர்லர்ந்து பஸ்ல போறே," என்றான். "ஆம்பூர் வருது, வாணியம்பாடி வருது, தாண்டிடுது. பஸ்ஸு தாண்டிட்டா வாணியம்பாடி செத்துப்போச்சா? அது பாட்டுக்கு அங்கதான இருக்கு. அம்மா இருக்காங்கடா. நாமதான் தாண்டிட்டோம்."

பிறகு அந்த உவமையையும் அவனே திருத்தினான். பஸ் போகிறது என்பதும் தப்பு, போவதும் இல்லை வருவதும் இல்லை, நேற்றும் நாளையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் மாதிரி அடுத்தடுத்து இருக்கின்றன, அவ்வளவுதான் என்றான். "இருக்கு. இந்த ஒரு சொல்லு போதும் எனக்கு." இதைக் கேட்ட பள்ளிவாசல் ஹஜ்ரத் கோபிக்கவில்லை. "அல்லாவுக்கு எல்லாமே ஒன்னா தெரியும். உங்களுக்கும் தெரியுதுன்னு சொல்லாதீங்க பாய், அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அம்மாவைப் பற்றிப் பேசினால் 'இருக்காங்க' என்றுதான் சொல்வான். 'இருந்தாங்க' என்று யாராவது சொன்னால் திருத்துவான். பர்வீனுக்கும் அது பழகிவிட்டது. ரம்ஜானுக்குக் கஞ்சி காய்ச்சும்போது, "அம்மா இருக்காங்க இல்ல பாய்ஜான், அவங்க கை பக்குவம் எனக்கு வரலை," என்பாள்.

அதனால் அவனுக்குப் பயம் என்பதே கிடையாது. இதயக் குழாய் அடைத்து ஸ்டென்ட் வைத்தார்களே, அப்போதும் மயக்க ஊசி போட வந்தவரிடம் ஜோக் அடித்துக்கொண்டிருந்தான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தினமும் விழுங்கி வந்தான். இந்த மாத்திரை பின்னால் முக்கியமாகிறது.

கல்

'தலைவலி நாளைக்குலர்ந்து' என்றானே, அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

உருதுவில் நேற்றுக்கும் 'கல்'தான், நாளைக்கும் 'கல்'தான். கூட வரும் வினைச்சொல்லைக் கொண்டு எது என்று தெரிந்துகொள்வார்கள். வீட்டில் உருது பேசி, கடையில் தமிழ் பேசுகிற எங்கள் ஊர்க்காரர்களில் சிலருக்கு அவசரத்தில் இரண்டும் இடம் மாறிவிடும். "நேத்து வந்து வாங்கிக்கிறேன்," என்பார்கள். கடைக்காரர் தலையாட்டுவார். பேர்ணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் இதே கதைதான்.

கம்பெனியில் ஒரு தடவை சூப்பர்வைசர் போனில், "கன்டெய்னர் நேத்து கெளம்பிடும்," என்றார். சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த மேலாளர் ஆடிப்போய்விட்டார். சரக்கு நம்மைக் கேட்காமல் போய்விட்டதா, போகப்போகிறதா? நான் சொன்னேன்: "சார், இந்த ஊர்ல நேத்து, நாளைக்குன்றத நம்பாதீங்க. வினையை நம்புங்க. கெளம்பிடும்னா இனிமேதான்."

முஷ்தாக்குக்கு இந்தக் குழப்பத்தில் ஏகப் பெருமை. "என் தாய்மொழிக்கு பிசிக்ஸ் தெரியும்டா. கல்னா ஒரு நாள் தூரம். எந்தப் பக்கம்னு கேக்காது. உங்க தமிழ்ல கல்லுன்னா இன்னா? ரோட்டோரம் நட்ட மைல் கல்லு. போறவனுக்கும் வர்றவனுக்கும் ஒரே கல்லு!"

நாட்களிலும் எங்கள் தெருவில் இப்படித்தான். பஞ்சாங்கம் பார்ப்பவருக்குச் சூரிய உதயத்தில் நாள் பிறக்கிறது. எங்கள் கம்பெனிக்கு நடுநிசியில். முஷ்தாக் வீட்டில் மக்ரிப்பில். ஒரே சுவரின் இரு பக்கமும் இரண்டு கிழமை நடக்கும். பழைய பிறந்தநாட்களைச் சேகரிக்கும்போது குடும்பம் வெள்ளி என்னும், பதிவேடு வியாழன் என்னும். இரண்டும் சரியாக இருக்கும். இதைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். அவனோடு மணிக்கணக்கில் பேசியும் இருக்கிறேன். அதனால்தான் மருத்துவமனையில் அவ்வளவு சுலபமாக என் வாயில் விளக்கம் வந்தது.

ஷட்டர்

அந்த வியாழனுக்குச் சில வாரங்கள் முன்பு குடோனின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிய மறந்து உள்ளே போன முஷ்தாக் தலையில் இடித்துக்கொண்டான். சின்ன வீக்கம். பர்வீன் ஐஸ் வைத்தாள். "ஷட்டரும் இருக்கு, தலையும் இருக்கு. ரெண்டும் சந்திச்சிக்கிச்சு," என்று சிரித்தான். எல்லோரும் மறந்துவிட்டோம்.

பிறகு பகலில் தூங்க ஆரம்பித்தான். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டான். பேச்சின் நடுவில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் காலையில் தேநீரைக் கையில் வாங்கி, "குடிச்சிட்டேன்," என்று திருப்பிக் கொடுத்தான்.

"குடிக்கலையே பாய்ஜான்?"

"ரெண்டும் ஒன்னுதான்."

பர்வீன் சிரித்துக்கொண்டே அதை என்னிடம் சொன்னாள். நானும் சிரித்தேன். அவன் எப்போதும் அப்படித்தானே?

அந்த வியாழக்கிழமை மத்தியானம் தலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை வாந்தி எடுத்தான். பர்வீன் போன் செய்தாள். வாடகைக் காரில் வேலூருக்குக் கிளம்பினோம். பித்தம் ஏறியிருக்கும், ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும், ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்றுதான் அவள் அடுப்பில் குழம்பை மூடிவைத்துவிட்டு வந்திருந்தாள்.

அந்த ஒரு சொல்

"இவர் வழக்கமா இப்படித்தான் பேசுவாரா?" என்று டாக்டர் எங்களைக் கேட்டார். "நல்லா யோசிச்சு சொல்லுங்க. நீங்க சொல்றத வெச்சுத்தான் நான் முடிவெடுக்கணும்."

"ஆமா டாக்டரம்மா," என்றாள் பர்வீன். "அவரு சயின்டிஸ்ட். இன்னைக்கு, நாளைக்கு எல்லாம் கெடையாதுன்னு சொல்ற ஆளு. எப்பவுமே இப்டித்தான்."

நானும் வாயைத் திறந்தேன். ஆமாம் என்று சொல்லத்தான் திறந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மனிதனின் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் கேட்பது தேதியை, கிழமையை. இவனோ அவை எதுவும் உண்மையில்லை என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவன். அவன் தலைக்குள் ஏதாவது உடைந்திருந்தால், அந்த உடைசல் அவன் கொள்கையின் குரலிலேயே பேசும். யாருக்கும் தெரியாது. நானே பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் பொழிப்புரை சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவைத்துவிடுவேன்.

முஷ்தாக் திரையின் இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பர்வீன், அம்மா வர்றாங்க."

அவள் பழக்கப்படியே குனிந்து அவன் நெற்றியைத் தடவினாள். "ஆமா பாய்ஜான். அம்மா இருக்காங்க."

"இருக்காங்க இல்ல. வர்றாங்க." அவன் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். பிடியில் பலம் இல்லை. "கிட்ட வந்துட்டாங்க. எனக்கு பயமா இருக்கு சாமுவேல். கதவை மூடு."

அவன் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. ஆனால் என்னை உலுக்கியது அது அல்ல. வர்றாங்க.

"டாக்டர், இது அவன் இல்ல," என்றேன்.

"எப்படி சொல்றீங்க?"

"கிழமைய மாத்தி சொல்லுவான், நேத்துன்றத நாளைக்குன்னுவான், அதெல்லாம் அவன்தான். ஆனா செத்தவங்க வர்றாங்கன்னு சொல்லமாட்டான். எதுவுமே வரலை, எதுவுமே போகலை, இருக்குன்னுதான் சொல்லுவான். அவன் கொள்கையே அந்த ஒரு சொல்லுதான். அதைப்போய் தப்பா சொல்றான் டாக்டர்."

எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. வினைச்சொல் தப்பு என்று அவசரப் பிரிவில் ஒருவன் கத்துகிறான். டாக்டர் சிரிக்கவில்லை.

"முன்னாடி எப்பவுமே இருக்காங்கன்னுதான் சொல்வாரா?" என்று பர்வீனைக் கேட்டார்.

பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

"சமீபத்துல தலையில அடி ஏதாவது?"

"ஷட்டர்ல இடிச்சிக்கிட்டாரு. ஆனா அது ரொம்ப நாளாச்சே."

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரா?"

"ஆமா. ஸ்டென்ட் வெச்சதுலர்ந்து."

டாக்டர் அவனை எழுப்பி உட்காரவைத்தார். தட்டு ஏந்துவதுபோல இரண்டு கைகளையும் நீட்டி, கண்ணை மூடச் சொன்னார். இடது கை அப்படியே நின்றது. வலது கை மெல்ல உள்பக்கம் திரும்பி, தண்ணீரில் அமிழ்வதுபோலத் தாழ்ந்தது. அது தாழ்கிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதைவிடப் பயங்கரமான ஒன்று என் வாழ்க்கையில் இல்லை.

ஸ்கேனில் தெரிந்தது. மண்டையோட்டுக்கு அடியில், இடப்பக்கம், வாரக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்த ரத்தம் மூளையை ஓரம் தள்ளிக்கொண்டிருந்தது. ஓட்டை போட்டு வடிக்க வேண்டும், காத்திருக்க முடியாது, மாத்திரையின் வேகத்தையும் அடக்க வேண்டும், ஆபத்து உண்டு என்றார்கள். பர்வீன் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவன் சொன்னதையே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். அவன் இருக்கிறான். என்ன ஆனாலும், பள்ளிக்கூட பெஞ்சில் என் பக்கத்தில் இருக்கிறான். டிரம் பக்கத்தில் நின்று என்னை மடக்கிக்கொண்டு இருக்கிறான். எதுவும் போய்விடாது.

வேலை செய்யவில்லை. அந்தக் கொள்கை அவனுக்குப் போதுமானதாக இருந்தது. எனக்கு அவன் அந்தக் கதவு வழியாக வந்தாக வேண்டும்.

சரியான பதில்கள்

வந்தான். தலையின் ஒரு பக்கம் மழித்து, கட்டுப் போட்டு வந்தான். வலது கைக்குப் பலம் திரும்பியது. சில நாட்களில் கணக்கும் திரும்பியது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். ரத்தம் மறுபடியும் சேரலாம். பேச்சில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் உடனே கூட்டிவர வேண்டும்.

பர்வீன் படியிறங்கும்போது என்னைக் கேட்டாள். "அண்ணா, அவரு பேச்சே வித்தியாசம்தானே. நான் எத வெச்சு கண்டுபுடிக்கறது?"

அவள் அவனுடைய ஒவ்வொரு வார்த்தைக்கும் காது கொடுக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது தூக்கத்தைப் பற்றி அவன் ஏதோ விளக்கப்போக, பாதியிலேயே எழுந்துபோய் காருக்குப் போன் செய்துவிட்டாள். வேலூர் வரை போய், ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று திரும்பினோம். வரும் வழியில் அவள் அழுதுகொண்டே வந்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு வந்தான்.

மறுநாளிலிருந்து முஷ்தாக் மாறிவிட்டான்.

காலையில் எழுந்ததும், யாரும் கேட்காமலே, "பர்வீன், இன்னைக்கு செவ்வாய்க்கிழமை," என்கிறான். மட்டன் விலையைப் பேசுகிறான். கரண்ட் போனதைப் பேசுகிறான். அம்மாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவள் முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பிவிட்டது. நிம்மதியாகத் தூங்குகிறேன் அண்ணா என்கிறாள். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. ரத்தம் மூளையைத் தள்ளியும் அணையாத அந்த யோசனையை, தங்கையின் தூக்கத்துக்காக அவனே ஊதி அணைத்துக்கொண்டிருந்தான்.

போன வாரம் போயிருந்தேன். பர்வீன் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் என் பக்கம் திரும்பி ஆரம்பித்தான்: "சாமுவேல், அன்னைக்கு ஆஸ்பத்திரில எனக்கு..."

கத்தி நின்றது. அவன் கண் அதன்மேல் போனது.

"ஒன்னுமில்ல," என்றான். "வெயிலு ஜாஸ்தியா இருக்கு இல்ல?"

"ஆமா," என்றேன். கத்தி மறுபடி ஓடியது.

காற்றாட மேலே உட்காரலாம் என்று சொல்லி, அவனைக் குடோன் அறைக்கு அழைத்துப் போனேன். மேசை மேல் தூசு படிந்திருந்தது. கதவைச் சாத்தினேன்.

"இன்னாடா சொல்ல வந்தே?"

அவன் மேசைத் தூசில் விரலால் ஒரு கோடு இழுத்தான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான். "அன்னைக்கு, 'நாளைக்கு'ன்னு ஒன்னு என்னைப் பார்த்து வந்துச்சுடா. நெஜமாவே வந்துச்சு. நான் இல்லன்னு நிரூபிச்சேனே, அது. மூளைல ரத்தம் கட்னதால வந்த பொய்யா அது? இல்ல, நீங்க எல்லாரும் தெனமும் பார்க்கறத நான் அன்னைக்குத்தான் மொதல் தடவை பார்த்தேனா? அத மட்டும் யோசிச்சிக்கினே இருக்கேன்." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். பர்வீனின் கத்தியைப் பார்த்த அதே பார்வை. "இன்னா, அவளுக்கு போன் போடப் போறியா?"

குனிந்து பார்த்தேன். என் கை சட்டைப்பையில், போன் மேல் இருந்தது.

அதை எடுத்துத் தூசு படிந்த மேசை மேல் கவிழ்த்து வைத்தேன்.

"பயமாத்தான் இருக்கு," என்றேன். "நீ சொல்லு."